பாதித் தாடை

என் விரலில் வெட்டு விழாமல் இருந்திருந்தால் இந்த விஷயம் எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாயா என்று கேட்டால், இருந்திருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நானும் அக்காவும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். பல் மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே மெஷின் செய்யும் கம்பெனி. நோயாளி தாடையை ஒரு தாங்கியில் வைத்து நிற்பார், மெஷினின் கை அவர் முகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும், திரையில் மொத்தப் பல்வரிசையும் வந்துவிடும். மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை வடிவமைத்தது அக்கா. அந்தப் போர்டில் ஓடும் கெர்னலைத் தயார் செய்தது நான். கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்ளே உட்கார்ந்துகொண்டு நினைவகம், திரை, மோட்டார் என்று எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் மென்பொருள். சுருக்கமாகச் சொன்னால் அக்கா வீடு கட்டுவாள், நான் குடித்தனம் நடத்துவேன்.

அக்கா தன் வேலையை 'கோடு போடறது' என்றுதான் சொல்வாள். செம்பில் மயிரிழை அகலத்தில் ஓடும் நூற்றுக்கணக்கான கோடுகள். ஒரு கோடு இன்னொன்றைவிட இரண்டு மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது. அவள் வீட்டில் சாப்பாட்டு மேசையின் பாதியை அவளுடைய மைக்ராஸ்கோப் பிடித்துக்கொண்டிருந்தது. என் மாமா, அவள் வீட்டுக்காரர், மீதிப் பாதியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவார். அவருக்கும் பழகிவிட்டிருந்தது.

என் வேலை முறை வேறு. கெர்னலை உருவாக்குவதற்கு முன்னால் அது நம்மிடம் கேள்வி கேட்கும். இந்த வசதி வேண்டுமா, அந்தச் சாதனம் உண்டா, இதன் அளவு என்ன. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்திலேயே ஒரு பதிலையும் அதுவே போட்டு வைத்திருக்கும். சம்மதம் என்றால் என்டர் தட்டினால் போதும். பழைய மெஷினுக்குக் கொடுத்த பதில்களை அதன் கையில் கொடுத்துவிட்டால், புதிதாக முளைத்த கேள்விகளை மட்டும் கேட்கும். அதுவே நூற்றுச் சொச்சம் வரும். வேலை தெரிந்தவர்கள் படித்துப் பார்த்துப் பதில் சொல்வார்கள். வேலை ரொம்பத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் என் போன்றவர்கள் என்டரை அழுத்திப் பிடித்துக்கொள்வோம். கேள்விகள் சரசரவென்று ஓடி மறையும். இடது கையில் டீ, வலது கையில் என்டர். எங்கள் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர் எனக்கு 'என்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார். பேச்சுக்கு நடுவில் வாயைப் பிளந்துகொண்டே இருப்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கொட்டாவி'. இரண்டு பெயரும் பொருத்தமானவை.

மூன்று வருடத்துக்கு முன்னால் புது மாடல் வந்தது. படங்களை ஒட்டி முழுத் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்ட வேண்டும். அதற்கு நிறைய நினைவகம் வேண்டும் என்பதால் அக்கா புதிய செயலியை, அதாவது பிராசஸரைச் சுற்றி, இரண்டு ஜிபி, இரண்டு ஜிபி என்று இரண்டு நினைவக சிப் வைத்துப் போர்டு போட்டாள். எட்டு மாத வேலை. முதல் தொகுதியாக இருநூறு போர்டு வந்து இறங்கின. நான் கெர்னலைத் தயார் செய்து கொடுத்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

மறுநாள் காலை கொட்டாவி என்னைக் கூப்பிட்டார். மெஷினின் தாங்கியில் எப்போதும் போல ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு நின்றுகொண்டிருந்தது.

"என்டர், இங்க வந்து பாருப்பா. இந்த ஆளுக்கு இடது பக்கம் பல்லே இல்ல."

திரையில் பாதித் தாடைதான் இருந்தது. படத்தை ஒட்டும் மென்பொருள் நினைவகம் போதாமல் நடுவழியில் படுத்துவிட்டிருந்தது. பார்த்தால், நாலு ஜிபி இருக்க வேண்டிய போர்டில் இரண்டுதான் தெரிந்தது. வேறொரு போர்டை மாட்டினோம். அதிலும் இரண்டு. பத்துப் போர்டிலும் இரண்டு. இரண்டாவது சிப்பை மெஷின் கண்டுகொள்ளவே இல்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தாள்.

"டேய், அட்ரஸ் அளவு பாத்தியா? மெமரில பாதி நாலு ஜிபி கோட்டுக்கு அந்தப் பக்கம் போகுது."

"பாத்துட்டேன்கா."

நான் பார்க்கவில்லை. அவள் எதைப் பற்றிக் கேட்கிறாள் என்பதுகூட அந்த நிமிடம் சரியாகக் காதில் ஏறவில்லை. யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கொட்டாவி நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் 'இருக்கா, பாத்துட்டுச் சொல்றேன்' என்று சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் வாயில் வந்தது 'பாத்துட்டேன்'. வந்த வேகத்தில் அது எனக்கே உண்மையாகிவிட்டது. அக்கா தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கேட்டது இதுதான். நினைவகத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு, வீட்டு எண் மாதிரி. அதைத்தான் பிசிக்கல் அட்ரஸ் என்பார்கள். அந்த எண்ணை எழுத எத்தனை பிட் ஒதுக்குவது என்று கெர்னலை உருவாக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். முப்பத்திரண்டு பிட் என்றால் நாலு ஜிபி வரைக்கும்தான் எண் போட முடியும். எங்கள் செயலியிலோ முதல் இரண்டு ஜிபி எண்கள் மற்ற உறுப்புகளுக்குப் போய்விட்டன. நினைவகம் இரண்டில் ஆரம்பித்து ஆறில் முடியும். அதாவது முதல் சிப் நாலுக்குக் கீழே, இரண்டாவது சிப் முழுக்க நாலுக்கு மேலே. அதற்கு அடுத்த அளவான நாற்பது பிட் வேண்டும். மூன்று கட்டம் மட்டும் உள்ள படிவத்தில் ஆயிரமாவது வீட்டின் எண்ணை எழுத முடியாது. வீடு இருக்கும், விளக்கு எரியும், தபால்காரர் மட்டும் வரமாட்டார்.

பழைய செயலிக்கு இந்தக் கேள்வியே கிடையாது. புதிய செயலியைத் தேர்ந்தெடுத்ததும் முளைத்த நூற்றுச் சொச்சம் கேள்விகளில் இதுவும் ஒன்று. அது போட்டு வைத்திருந்த பதில் 'வேண்டாம்'. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் அக்கா பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு கோடாக அளந்தாள். போர்டுகளை எக்ஸ்ரேயில் வைத்துப் பற்றவைப்பைப் பார்த்தாள். சிப்பைக் கழற்றிப் புதிது வைத்தாள். பகலெல்லாம் மின்துடிப்பைக் காட்டும் அலைகாட்டியின் முன்னால் உட்கார்ந்து இரண்டாவது சிப்பின் கோடுகளில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் ஓடவில்லை. ஓடாதுதான். யாருமே அதைக் கூப்பிடவில்லையே, அது எப்படிப் பேசும்? அந்த மௌனத்தையே அவளுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் கூட்டம் போட்டார். நீள மேசை, கண்ணாடிச் சுவர், எல்லார் முன்னாலும் தண்ணீர் பாட்டில்.

"கெர்னல் பக்கம் ஏதாவது இருக்காப்பா?" என்று முதலில் என்னிடம்தான் கேட்டார்.

"இல்ல சார். எல்லாம் பாத்தாச்சு."

இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்தே பேசினாள்.

"ஆன் பண்ணின உடனே ஒரு துடிப்பு இருக்கு சார். கால் செகண்டுதான். கெர்னல் எழும்பறதுக்கு முன்னாடி. அப்ப அந்த சிப் பேசுது. அப்புறம்தான் அமைதியாயிடுது."

"பேசற சிப் பேசிட்டே இருக்கணும்மா. நல்ல நாள் கெட்ட நாள் பாத்தா பேசும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செய்த தப்பையெல்லாம் வரிசையாக நிறுத்தினால், 'பாத்துட்டேன்' என்று சொன்னதைவிட இந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அந்தக் கால் செகண்டில் முழு உண்மையும் இருந்தது. கெர்னல் எழும்பறதுக்கு முன்னாடி என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த மேசையில் அதன் பொருள் புரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

போர்டு வேலையை வெளியாளுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் வேறு செயலியை வைத்துப் போட்டார்கள். அந்தச் செயலியின் கெர்னலில் முப்பத்திரண்டா நாற்பதா என்ற பிரச்சினையே கிடையாது. முதல் தடவையிலேயே முழுத் தாடை வந்தது. அத்தோடு அக்காவின் மேல் இருந்த சந்தேகம் தீர்ப்பாகிவிட்டது. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளே போய்விட்டாள். அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில், பசையும் காகிதச் சுருளும் வாங்கும் பிரிவில் சேர்ந்தாள். வீட்டில் மைக்ராஸ்கோப்பின் மேல் ஒரு பழைய தலையணை உறை ஏறியது.

"உங்கக்கா இப்பல்லாம் பேட்டரி தீர்ந்த கடிகாரத்தைக்கூட என்கிட்டதான் குடுக்கறா" என்று மாமா ஒரு முறை சொன்னார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நான் அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னேன். 'விடுக்கா, எல்லாருக்கும் ஒரு தடவை சறுக்கும்' என்று தோளைத் தட்டிச் சொன்னேன். அவளும் 'ஆமாண்டா' என்றாள்.

இப்போது விரலுக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை டின் மூடியைத் திறக்கும்போது வலது கை விரல் இரண்டில் ஆழமாக வெட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனால், அக்கா அன்று வைத்த அதே செயலியை வைத்து வேறு ஒரு சின்ன மெஷினுக்குக் கெர்னல் வேண்டும் என்றார்கள். கட்டுப் போட்ட விரலால் என்டரை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். மெதுவாகத் தட்டியதில் கேள்விகள் கண்ணில் பட ஆரம்பித்தன. பன்னிரண்டு வருட வேலையில் அவற்றை நான் உட்கார்ந்து படித்தது அன்றுதான்.

நாற்பதோ ஐம்பதோ கேள்வி போயிருக்கும். 'நாலு ஜிபிக்கு மேல் உள்ள பிசிக்கல் அட்ரஸ்களுக்கு ஆதரவு வேண்டுமா?' என்று வந்தது. பக்கத்தில் 'வேண்டாம்' என்று போட்டிருந்தது.

அக்காவின் குரல் அப்படியே காதில் கேட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த மாடலின் பதில் கோப்பைத் தேடி எடுத்தேன். 'வேண்டாம்'. அன்றைய பதிவைத் திறந்தேன். கெர்னல் எழும்பும்போது தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதி வைக்கும். அதில் பதினோராவது வரி: நாலு ஜிபிக்கு மேல் உள்ள நினைவகத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை, தெளிவாகவே எழுதி வைத்திருந்தது. மூன்று வருடமாக அந்த வரி என் கணினியிலேயே இருந்திருக்கிறது.

பரிசோதனை மேசைக்கு அடியில் அந்தப் பழைய போர்டுகளில் ஒரு பெட்டி இன்னும் கிடந்தது. மேலே கொட்டாவியின் கையெழுத்தில் 'பாதித் தாடை' என்று எழுதியிருந்தது. ஒன்றை எடுத்துத் தூசு தட்டினேன். கேள்விக்கு 'வேண்டும்' என்று பதில் கொடுத்துக் கெர்னலைத் திரும்ப உருவாக்கினேன். மின்சாரம் கொடுத்தேன். நாலு ஜிபியும் வந்தது. அடுத்த போர்டிலும் நாலு. பெட்டியில் இருந்த எல்லாப் போர்டிலும் நாலு.

மேனேஜரிடம் போய் மென்று விழுங்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"மூணு வருஷம் ஆச்சு, விடுப்பா. இப்ப போய்க் கிளறி யாருக்கு என்ன லாபம்? உங்கக்காவும் நல்லாத்தானே இருக்காங்க."

விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. பொய் சொல்லமாட்டேன், புதன் முழுக்க அந்த எண்ணத்தில்தான் இருந்தேன். வியாழக்கிழமை அக்கா போன் பண்ணினாள். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒருவர் வந்து மைக்ராஸ்கோப்பை எடுத்துப் போகிறாராம். மாமாவுக்கு முதுகு வலி, மூன்று மாடி, கீழே இறக்க ஒரு கை வேண்டுமாம்.

"அதை எதுக்குக்கா குடுக்கறே?"

"சும்மா மூடி வச்சு என்ன பண்றது? மேசையாவது காலியாகட்டும். உங்க மாமா முழு மேசைல சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு."

வெள்ளிக்கிழமையும் போயிற்று. சனிக்கிழமை ஒன்பதரைக்குப் போர்டையும் ஒரு சின்னத் திரையையும் பையில் வைத்துக்கொண்டு படியேறினேன். மாமா வெளியே போயிருந்தார். அக்கா மைக்ராஸ்கோப்பின் லென்சுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். மேசையின் மறுபாதியில் போர்டை வைத்தேன். பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"இதை ஏண்டா இங்க கொண்டாந்தே?"

"பாருக்கா."

வயர்களை மாட்டி ஆன் செய்தேன். எழுத்துகள் ஓடி நின்றன. நினைவகம் என்ற இடத்தில் நாலு என்று இருந்தது. அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அப்புறம் போர்டைப் புரட்டாமல், விளிம்பை மட்டும் ஒரு விரலால் தொட்டாள்.

"சிப்பை மாத்தினியா?"

"இல்ல."

"கோடு ஏதாவது வெட்டி ஒட்டினியா?"

"ஒண்ணும் பண்ணல. நீ போட்ட போர்டு அப்படியேதான் இருக்கு. அட்ரஸ் அளவை நாப்பதாக்கினேன். அவ்வளவுதான். அன்னைக்கு நீ கேட்டப்ப நான் பாக்கலைக்கா. பாக்காமலே பாத்துட்டேன்னு சொல்லிட்டேன். தப்பு முழுக்க என்னோடது."

நான் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தேன். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அப்ப கோடெல்லாம் சரியாத்தான் இருந்துச்சா?"

"எல்லாமே சரியா இருந்துச்சுக்கா."

"அந்தத் துடிப்பும் நிஜம்தான்."

"நிஜம்தான்."

அவள் தலையாட்டினாள். கண் நிறைந்து, வழியாமல் நின்றது.

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"சொன்னேன். விடுன்னு சொன்னார். நேத்து சாயங்காலம் கம்பெனில எல்லாருக்கும் எழுதிட்டேன். யார் தப்புன்னு பேர் போட்டே எழுதிட்டேன்."

"கொட்டாவி என்ன சொன்னார்?"

"பெட்டி மேல எழுதியிருந்ததை அடிச்சுட்டார்."

அதற்கு அவள் லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"கெர்னல் எழும்பறப்ப எழுதற பதிவை அப்ப நீ எனக்கும் அனுப்பியிருந்தே. ஞாபகம் இருக்கா? என் மெயில்ல இருந்துச்சு. திறந்து பாத்தா ரெண்டு நிமிஷ வேலை."

எனக்கு நினைவில்லை. வழக்கமாக எல்லாருக்கும் போகும், அவளுக்கும் போயிருக்கும்.

"ஏங்கா பாக்கல?"

"நீதான் பாத்துட்டேன்னு சொன்னியே." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு மூணு தடவை திறக்கப் போனேன். திறந்தா உன்னை நம்பலைன்னு ஆயிடும். அக்காவே தம்பி வேலையைச் சரிபாக்குறான்னு ஆபீஸ்ல சிரிப்பாங்க. அதுக்கு என் போர்டைச் சந்தேகப்படறது சுலபமா இருந்துச்சு. அப்படியே பழகிடுச்சு."

மன்னித்துவிடு என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே மணி அடித்தது. கீழே வண்டியோடு ஆள் வந்துவிட்டார்.

"குடுக்க வேணாம்கா. நான் போய்ச் சொல்லிட்டு வரேன். வேணும்னா உனக்குப் பழைய வேலையைப் பத்தி..."

"வேணாம்டா." அவள் தன் இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள். "அது கீழ கையை வச்சா இப்ப நடுங்குது. போன மாசம் வச்சுப் பாத்தேன். அதான் குடுத்துடலாம்னு சொன்னேன். வா, ஒரு பக்கம் பிடி."

எடுத்தோம். பார்வைக்குத் தெரிவதைவிட அது கனமானது. நான் முன்னால், பின்பக்கமாக இறங்கினேன். விரல் கட்டில் ரத்தம் கசிந்தது, விடவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் வெளிச்சம் குறைவு. அக்கா மேலே இருந்து கேட்டாள்.

"அடுத்த படி உடைஞ்சிருக்குடா. பாத்தியா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்த வார்த்தை. நின்றேன். மைக்ராஸ்கோப்பின் என் பக்கத்தை மார்பில் சாய்த்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, குனிந்து, படியைப் பார்த்தேன். ஒரு மூலை பெயர்ந்திருந்தது. அதுவரைக்கும் அக்கா தன் பக்கத்துக் கனத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பாத்துட்டேன்கா" என்றேன்.

அவள் என்னைத் தாண்டி எட்டி, தானும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைத்தாள்.